நலொக்சோன் மருந்தை வீட்டில் வைத்திருக்கலாமா? உதவிக்கு அழைப்பவனைச் சட்டம் காக்குமா?

வலிகாமத்துச் சின்னம்மா (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். என் தமக்கையின் மகனுக்கு 23 வயது. எட்டு மாதம் புனர்வாழ்வு நிலையத்தில் இருந்துவிட்டு வீடு திரும்பிய மூன்றாவது வாரம், எங்கள் ஒழுங்கையின் முடிவிலுள்ள வெறுவளவில் இரண்டு கூட்டாளிகளோடு ஹெரோயின் எடுத்தபோது அவன் மயங்கி விழுந்துவிட்டான். கூட்டாளிகளில் ஒருவன் மதில் ஏறிக் குதித்து ஓடிவிட்டான். மற்றவனும் ஓடினான், ஆனால் கால்மணி நேரத்துக்குப் பிறகு திரும்பி வந்து எங்கள் படலையைத் தட்டி, “அவன் எழும்புகிறான் இல்லை” என்று சொல்லிவிட்டு மறைந்தான்.

நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது உதடு நீலம் பாரித்திருந்தது. தொண்டையிலிருந்து குறட்டை போன்ற ஓர் ஒலி இடைவிட்டு இடைவிட்டு வந்தது. முகத்தில் தண்ணீர் ஊற்றினோம், தேசிக்காய் பிழிந்து வாயில் விட்டோம், கன்னத்தில் தட்டினோம், பிறகு அயலவரின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனோம். அங்கே ஏற்றிய ஊசி மருந்தினால் சில நிமிடங்களில் அவன் கண் விழித்தான். அதன் பெயர் நலொக்சோன் என்று பின்னர் கேட்டு அறிந்தேன். வாக்குமூலம் எடுக்க வந்தவர்கள் அவனுக்கு என்ன நேர்ந்தது என்பதைவிட, அவனோடு இருந்தவர்கள் யார், முதலில் கண்டது யார், நாங்கள் ஏன் அந்த வளவுக்குப் போனோம் என்பதையே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இவ்வளவுதான். இந்த மருந்தை யாழ்ப்பாணத்தில் மருந்தகத்தில் வாங்கி வீட்டில் வைத்திருக்க முடியுமா? வைத்தியர் அல்லாத நான் அதை ஏற்றி, ஏதும் பிழையாகிவிட்டால் என் நிலை என்ன? கனடாவிலுள்ள என் தம்பி அங்கே இது இலவசம் என்கிறான். அடுத்த முறை வரும்போது கொண்டுவரச் சொல்லலாமா? எல்லாவற்றிலும் முக்கியமாக, திரும்பி வந்த அந்தப் பையன் ஓடாமல் நின்று அம்புலன்ஸுக்கு அழைத்திருந்தால் அவனுக்கு என்ன நடந்திருக்கும்?


மருந்துக்கூடம்

அம்மா, நான் அரச மருந்தாளராக இருந்து இளைப்பாறியவன். சட்டத்தைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். மருந்தைப் பற்றி நான் சொல்கிறேன்.

நலொக்சோன் புதிய மருந்து அல்ல. 1961இல் காப்புரிமை கோரப்பட்டு, 1971இல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 1983 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்துவருகிறது. ஹெரோயின், மோர்பின், பெதிடின் போன்றவை மூளையில் எந்த இடத்தில் பற்றிக்கொண்டு மூச்சை மந்தப்படுத்துகின்றனவோ, அதே இடத்திலிருந்து அவற்றைத் தள்ளிவிட்டுத் தான் அமர்ந்துகொள்வதே இதன் வேலை. சத்திரசிகிச்சைக்குப் பின் மோர்பின் மிகுந்து மூச்சுக் குறைந்த நோயாளிக்கு நாங்கள் கொடுத்ததும் இதே மருந்துதான். தசையில் ஏற்றினால் ஏறக்குறைய இரண்டிலிருந்து ஐந்து நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும்.

பாம்புக் கடிக்கான விஷமுறிவு மருந்தை வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்றால் இதை மட்டும் எப்படி வைத்திருப்பது என்று ஒருவர் கேட்கக்கூடும். புடையன் கடித்தவருக்கு ஏற்றும் முறிவு மருந்தே சில வேளைகளில் உடலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும். ஆகவே அதை வைத்தியசாலையில்தான் ஏற்ற வேண்டும். நலொக்சோன் அப்படிப்பட்டதன்று. ஓபியம் வகை எதுவும் உடலில் இல்லாதவருக்குக் கொடுத்தாலும் அது குறிப்பிடத்தக்க தீங்கு எதையும் செய்வதில்லை. இந்தக் காரணத்தால்தான், மயங்கியவரைக் காண வாய்ப்புள்ள உறவினர், நண்பர் ஆகியோர் கைகளிலும் இந்த மருந்து இருக்க வேண்டும் என்று 2014இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது.

ஆனாலும் அதற்கு எல்லைகள் உண்டு. ஐஸ் என்று சொல்லப்படும் மெத்தம்பெட்டமின், மதுசாரம், தூக்க மாத்திரை, இப்போது பையன்கள் கைநிறைய விழுங்கும் பிரிகபலின் என்ற நரம்புவலி மாத்திரை ஆகிய எதையும் இது முறிக்காது. இரண்டு மூன்றைக் கலந்து எடுத்திருந்தால், ஹெரோயினின் பங்கை மட்டும் நீக்கும். அதுவே மூச்சைத் திருப்பப் போதுமாகவும் இருக்கலாம். இதன் வேலை 30 முதல் 90 நிமிடங்கள் வரைதான் நீடிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மருந்து தேய்ந்த பின்னும் உடலில் ஹெரோயின் மிஞ்சியிருந்தால் மூச்சு மீண்டும் தாழும். கண் விழித்தவன் வியர்த்து, வாந்தி எடுத்து, எரிச்சலோடு எழுந்து “எனக்கு ஒன்றுமில்லை” என்று புறப்படப் பார்ப்பான். அந்த நேரத்தில் அவனைத் தனியே விடுவதும், தவிப்பைத் தணிக்க மறுபடியும் எடுக்க விடுவதும்தான் மிகப் பெரிய ஆபத்து.

இலங்கையில் இது ஊசிக் குப்பியாக வைத்தியசாலைகளில் கையாளப்படும் மருந்து. வைத்தியரின் சீட்டின்றி மருந்தகத்தில் கேட்டு வாங்கும் பொருளன்று. ஆகவே உங்கள் முதல் கேள்விக்கான நேரடியான விடை, இப்போதைக்கு இல்லை என்பதே.

தேசிக்காய் பிழிந்ததைப் பற்றி ஒரு சொல், குறை சொல்வதற்காக அல்ல. மயங்கியவர் வாயில் புளி, மோர், உப்புக் கரைசல் எதை விட்டாலும் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். குளிர்ந்த தண்ணீரும் மூச்சைத் திருப்பாது. உதடு நீலம், கண்மணி ஊசிமுனை அளவு, குறட்டை போன்ற ஒலி, தட்டியும் விழிப்பில்லை என்றால், முதலில் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். பிறகு ஆளை மல்லாக்கக் கிடத்தி, தலையைச் சற்றுப் பின்னே சரித்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்திக்கொண்டு, ஐந்து விநாடிக்கு ஒருமுறை வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். நெஞ்சு எழுவது தெரிய வேண்டும். இங்கே உயிரைக் கொல்வது மூச்சு நிற்பதுதான் என்பதால், ஊசி கையில் இல்லாதபோதும் நீங்கள் செய்யக்கூடிய மிகப் பெரிய சிகிச்சை இதுவே. நாடித்துடிப்பும் இல்லை என்று கண்டால் நெஞ்சை அழுத்தும் முதலுதவியையும் தொடங்க வேண்டும். தானாக மூச்சு விடத் தொடங்கிய பின் ஒரு பக்கமாகச் சரித்துக் கிடத்திவிடுங்கள்.


பழைய வாத்தியார்

ஐயா சொல்வது மருத்துவமாகச் சரியாக இருக்கலாம். நாற்பது ஆண்டு பிள்ளைகளோடு பழகியவன் என்ற வகையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. விழுந்தால் தூக்கிவிட மருந்து வீட்டிலேயே இருக்கிறது, பிடிபட்டால் சட்டமும் விட்டுவிடும் என்று தெரிந்தால், எடுக்கிறவன் இன்னும் துணிந்து எடுக்க மாட்டானா? ஊரில் இன்றைக்கு இருக்கும் கொஞ்ச நஞ்சப் பயமும் பொலிஸ் பயம்தானே?


விழுது

வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம். நான் ஐந்து ஆண்டுகள் அந்தத் தூளோடு வாழ்ந்து, இப்போது மூன்றாண்டாக விலகியிருப்பவன். நீங்கள் சொல்லும் பொலிஸ் பயம் எனக்கும் நிறையவே இருந்தது. ஆனால் அது நான் எடுக்கும்போது ஒருநாளும் வந்ததில்லை. பக்கத்தில் இருந்தவன் விழுந்தபோதுதான் வந்தது. ஒருமுறை நானும் ஓடியிருக்கிறேன். அவன் பிழைத்தான், என்னால் அல்ல.

நலொக்சோன் ஏற்றி எழும்பியவனின் நிலையை ஐயா நேரில் கண்டிருந்தால், அதை நம்பி ஒருவன் துணிந்து எடுப்பான் என்று எண்ண மாட்டீர்கள். பல நாள் நிறுத்தி வைத்தால் வரும் உடல் நோவு, குளிர், வயிற்றுப் பிரட்டல் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் ஒன்றாக வந்து இறங்கும். கிணற்றடியில் கயிறும் வாளியும் கிடக்கின்றன என்பதற்காக யாரும் கிணற்றில் குதிப்பதில்லை.

சின்னம்மாவுக்கு ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் பெறாமகன் விழுந்தது புனர்வாழ்விலிருந்து வந்த மூன்றாம் வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அது தற்செயல் அல்ல. எட்டு மாதம் எடுக்காத உடல் பழைய அளவைத் தாங்காது. ஆனால் கைக்கு நினைவிருப்பது பழைய அளவுதான். சிறையிலிருந்தோ புனர்வாழ்விலிருந்தோ வெளியே வரும் முதல் சில வாரங்கள்தான் சாவு ஆபத்து மிகக் கூடிய காலம். எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது புத்திமதி நிறையச் சொன்னார்கள். இதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.


கறுப்பு அங்கி

நான் சட்டத்தரணி. இங்கே எழுதுவது பொது விளக்கம் மட்டுமே; குறித்த ஒரு வழக்கு வந்தால் ஆவணங்களோடு ஒரு சட்டத்தரணியை நேரில் காண வேண்டும்.

“பாதுகாப்பு” என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு பாதுகாப்புகள் கலந்து கிடக்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே என்ன குறை என்று தெரியும். முதலாவது, மருந்தை ஏற்றுபவருக்கான பாதுகாப்பு. எமது தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டுக்குரியது. சம்மதம் தெரிவிக்க இயலாத நிலையில் உள்ள ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்யப்படும் செயலைக் குற்றமாகக் கொள்ளாத பொது விதிவிலக்கு அதிலே உண்டு. நட்டஈடு கோரும் குடியியல் வழக்கில் உரோமன் டச்சுச் சட்டத்தின்படி நீதிமன்றம் பார்ப்பது, அந்தச் சூழ்நிலையில் நியாயமான ஒருவர் எப்படி நடந்திருப்பார் என்பதையே. ஆகவே மூச்சு நின்றவனைக் காப்பாற்ற முயன்ற சின்னம்மாவைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

இரண்டாவது, மருந்தை எழுதிக் கொடுப்பவருக்கும் விற்பவருக்கும் உரியது. இங்கேதான் கதவு மூடிக் கிடக்கிறது. மருந்துச் சீட்டு நோயாளியின் பெயரில் எழுதப்படுவது. ஹெரோயின் எடுக்கும் மகன் வைத்தியரிடம் போய்த் தன் பெயரில் சீட்டுக் கேட்கப் போவதில்லை. அவன் தாய்க்கோ, அவருடைய பெயரில் எழுத ஒரு நோயும் இல்லை. மேலும் மயங்கி விழுந்தவன் தனக்குத் தானே ஊசி ஏற்றிக்கொள்ளப் போவதும் இல்லை. இந்த மருந்து எப்போதும் இன்னொருவர் கையில்தான் இருக்க வேண்டும். இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் அமெரிக்காவில் 2001இல் நியூ மெக்சிக்கோவில் தொடங்கி ஒவ்வொரு மாநிலமாகச் சட்டம் செய்தார்கள். உறவினர் பெயரிலேயே சீட்டு எழுதலாம் என்றும், ஒரு வைத்தியர் பிறப்பிக்கும் பொது உத்தரவின் கீழ் மருந்தாளரே கொடுக்கலாம் என்றும் படிப்படியாக வழி திறந்தது. 2023 மார்ச்சில் 4 மில்லிகிராம் மூக்கு ஸ்ப்ரே சீட்டே இல்லாமல் விற்க அங்கே அனுமதி பெற்றது. பிரித்தானியாவில் போதை சிகிச்சை நிலையங்கள் சீட்டின்றி வழங்க 2015இல் வழி செய்தார்கள். அவுஸ்திரேலியாவில் 2022 யூலை முதல் நாடு முழுவதும் இலவசம்.

மூன்றாவது, அழைப்பவனுக்கான பாதுகாப்பு. சின்னம்மாவின் கடைசிக் கேள்வி இதுதான். இதற்கு நான் நல்ல செய்தி சொல்ல முடியாது. 1929ஆம் ஆண்டின் 17ஆம் இலக்க நஞ்சுகள், அபின் மற்றும் அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வைத்திருத்தலும் குற்றம், பாவித்தலும் குற்றம். 1984ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு 2 கிராமோ அதற்கு மேலோ ஹெரோயின் உடைமையில் இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுட்சிறை. 2022இல் ஐஸ் போதைப்பொருளையும் 5 கிராம் என்ற எல்லையோடு அதே வரிசையில் சேர்த்தார்கள். உயிர் காக்க அழைத்தவனை இந்தக் குற்றச்சாட்டுகளிலிருந்து விலக்கும் பிரிவு எமது சட்டத்தில் இல்லை. யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமையில் தேடினாலும் கிடைக்காது. அது காணியும் சீதனமும் பற்றியது.

இந்தியாவை உதாரணம் காட்டுவோருக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். அங்கே 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்த 134ஏ பிரிவு வீதி விபத்தில் உதவுவோரைக் காப்பது; போதை மயக்கத்துக்கு அது பொருந்தாது. ஆனால் யாழ்ப்பாணத்தில் மோட்டார் சைக்கிள் விபத்தில் கிடப்பவரைத் தூக்கப் பயந்து வேடிக்கை பார்க்கும் கூட்டத்தை நினைத்தால், அந்தப் பிரிவுகூட எமக்கு ஒரு பெரிய முன்னேற்றமாகத்தான் இருக்கும்.

அந்தப் பையன் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றால், அம்புலன்ஸுக்கு அழைத்தது குற்றமாகாது, விழுந்தவனின் பக்கத்தில் இருந்ததும் குற்றமாகாது. அவன் உடைமையில் போதைப்பொருள் இருந்தது, அல்லது அவன் பாவித்தான் என்பதை வழக்குத் தொடுநர் நிரூபிக்க வேண்டும். ஆனால் நிரூபிப்பதற்கு முன்னரே கைது, விளக்கமறியல், ஊர் வாய் மூன்றும் வந்துவிடும் என்பதை அவன் அறிவான். அவன் கணக்கு அவ்வளவு பிழையானது அல்ல என்பதுதான் எனக்கு வருத்தம்.


ஸ்காபரோ வாசி

அக்கா, உங்கள் தம்பி சொன்னது உண்மை. கனடாவில் 2016 மார்ச்சிலேயே நலொக்சோனுக்குச் சீட்டு வேண்டாம் என்று ஆக்கிவிட்டார்கள். ஒன்ராறியோவில் பல மருந்தகங்களில் ஒரு சதமும் வாங்காமல் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டு அலமாரியில் இருப்பது மூக்குக்கண்ணாடி உறை அளவிலான ஒரு சிறு பெட்டி. உள்ளே இரண்டு மூக்கு ஸ்ப்ரே, கையுறை, வாயோடு வாய் ஊதும்போது இடையில் வைக்கும் மெல்லிய தடுப்பு, படம் போட்ட ஒரு செய்முறை அட்டை. என் மகள் பாடசாலையில் படித்துவிட்டு வந்து எனக்குக் கற்பித்தாள். ஐம்பது வயதில் அதைக் கையில் பிடித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது, ஏனென்றால் யாழ்ப்பாணத்தான் வீட்டில் இது எதற்கு என்றுதான் முதலில் கேட்டேன்.

அழைப்பவனைக் காக்கும் சட்டமும் இங்கே உண்டு. 2017 மே 4ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஒருவர் போதை மிகுந்து விழுந்தால், 911க்கு அழைத்தவர், விழுந்தவர், அவ்விடத்தில் இருந்தவர் எல்லாருக்கும் வெறுமனே வைத்திருந்த குற்றத்திலிருந்து விலக்கு உண்டு. விற்றவனையும், வேறு குற்றத்துக்குப் பிடியாணை உள்ளவனையும் அது காக்காது. சட்டம் வந்ததோடு பயம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள்.

கொண்டுவரலாமா என்பதற்குச் சட்டத்தரணி ஐயா சொல்லட்டும். என் ஆசைக்கு நான் பத்துப் பெட்டி கட்டி அனுப்புவேன்.


கறுப்பு அங்கி

தயவுசெய்து அனுப்ப வேண்டாம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி மருந்து இறக்குமதியும் விநியோகமும் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதிக்கு உட்பட்டவை. பத்துப் பெட்டி மருந்தைச் சுங்கத்தில் விளக்கப்போய், உதவிக்கு வந்தவரே விசாரணைக்கு உள்ளாக வேண்டாம்.

செய்யக்கூடியது வேறு. இந்த மருந்தைத் தடை செய்ய வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. வைத்தியசாலைக்கு வெளியே கொண்டுவரும் வழியைத்தான் எவரும் கேட்கவில்லை. புனர்வாழ்வு முடித்து வீடு திரும்பும் ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் ஒரு மூக்கு ஸ்ப்ரேயும் அரை மணி நேரப் பயிற்சியும் கொடுக்க நாடாளுமன்றத்தைக் கூட்டிப் புதுச் சட்டம் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. சுகாதார அமைச்சின் ஒரு சுற்றறிக்கையும் அதிகாரசபையின் பதிவும் போதுமாக இருக்கும். உக்ரைன், கசக்ஸ்தான், கிர்கிஸ்தான், தஜிகிஸ்தான் ஆகிய நான்கு நாடுகளில் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. போதைப்பொருள் அலுவலகமும் சேர்ந்து இதைச் செய்து காட்டியிருக்கின்றன. அவை கனடாவைப் போலப் பணக்கார நாடுகள் அல்ல. அழைப்பவனுக்கான விலக்குக்குத்தான் கட்டளைச் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். அது நீண்ட வழி.


வலிகாமத்துச் சின்னம்மா

விடை எழுதிய எல்லாருக்கும் நன்றி. மருந்துக்கூடம் ஐயா சொன்னபடி மூச்சு ஊதும் முறையை அயலிலுள்ள ஒரு தாதியிடம் நேற்று நானும் தமக்கையும் கற்றுக்கொண்டோம். பெறாமகன் தானாகவே 1927 என்ற போதைப்பொருள் ஆலோசனை இலக்கத்துக்கு அழைத்து ஆலோசகர் ஒருவரோடு பேசியிருக்கிறான். தனியே எடுக்க மாட்டேன், அறைக் கதவைப் பூட்ட மாட்டேன் என்று மட்டும் சொன்னான். எடுக்கவே மாட்டேன் என்று சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே என்று தமக்கை அழுதாள்.

அன்று திரும்பி வந்த பையனும் நேற்று மாலை வந்திருந்தான். படலைக்கு உள்ளே வரவில்லை. 1990க்கு அழைத்தால் என்ன சொல்ல வேண்டும், பெயர் கேட்டால் சொல்லத்தான் வேண்டுமா என்று கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை.


கறுப்பு அங்கி

1990 அம்புலன்ஸ் இலக்கம்; பொலிஸுக்கு 119. “ஒருவருக்கு மூச்சு இல்லை, உதடு நீலமாகிவிட்டது” என்று முதலில் சொல்லட்டும். அடுத்து இடம்: உங்கள் ஒழுங்கைகளுக்குப் பெயர்ப் பலகை இல்லாதபடியால், பக்கத்திலுள்ள கோயிலையோ பாடசாலையையோ சொல்லி, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். ஹெரோயின் என்று தெரிந்தால் அதை அம்புலன்ஸில் வருபவரிடம் மறைக்கக் கூடாது. வைத்தியசாலையில் எந்த மருந்தை எடுப்பது என்பது அதைப் பொறுத்தது. பெயரைப் பற்றி அவனுக்குப் பொய்யான உறுதி எதையும் கொடுக்காதீர்கள், அழைத்த இலக்கம் அங்கே தெரியும். ஆனால் வழி கேட்டு அவர்கள் திரும்ப அழைக்கக்கூடும் என்பதால் தொலைபேசியை அணைத்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்னர் பொலிஸார் அவனைக் கூப்பிட்டால் தனியே போகாமல் முதலில் எனக்குத் தனிச்செய்தி அனுப்பட்டும். கட்டணம் பற்றி அவன் யோசிக்கத் தேவையில்லை.